குருதியா? கூரையா?

"என் தம்பிக்கு மனநோய். நான் துப்பாக்கி உரிமம் கேட்டால் தருவார்களா? தம்பியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் என் விண்ணப்பம் கெடுமோ? சொல்லாவிட்டால் என் நாணயம் கெடுமோ?"

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலே உழுது வாழும் ஒருவர் இப்படி எண்ணி மருகுவதாக வைத்துக்கொள்வோம். விதைத்த வயலிலே கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் காட்டுப்புறாவையும், இளம் பயிரைக் கடித்தழிக்கும் முயலையும் விரட்ட அவருக்கு வேட்டைத் துப்பாக்கி தேவை. 'ஷாட்கன்' என்று ஆங்கிலேயர் அழைக்கும் கருவி அது; ஒரே வெடியில் பல ரவைகளைச் சிதறவிடுவது. இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அதற்கான உரிமம் வைத்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவராக விரும்புகிறார் நம் உழவர். நிலம் உண்டு, தேவை உண்டு, குற்றப் பதிவு ஏதும் இல்லை. ஆனால் உடன்பிறந்தவனுக்கு மனநோய் உண்டு. அந்த ஒன்றுதான் அவர் நெஞ்சை அரிக்கிறது.

'எங்கோ இருக்கும் வெள்ளைக்கார உழவனின் கவலை நமக்கெதற்கு?' என்று தோழர்கள் கேட்கக்கூடும். துப்பாக்கி நமக்கு வேண்டாம். ஆனால் அந்தத் துப்பாக்கி எழுப்பும் கேள்வி நம்முடையது. ஒரு மனிதனை எடைபோடும்போது, அவன் உறவினரின் நோயையும் தராசுத் தட்டிலே வைக்கலாமா? இதுதான் கேள்வி.

'கூடாது!' என்று உடனே முழங்கத் தோன்றுகிறது. பிறப்பால் மனிதனை அளக்காதே என்று சொல்லி வளர்ந்த இயக்கமல்லவா நம்முடையது! ஆனால் முழங்கிவிட்டு நகர்ந்தால், நாளை அந்த வீட்டிலே துப்பாக்கி வெடித்து ஓர் உயிர் போகுமானால், நம் முழக்கம் அந்த உயிரைத் திருப்பித் தருமா? 'வைக்கலாம்' என்றாலோ, குலம் பார்த்து மனிதனைத் தள்ளும் கொடுமைக்கு நாமே புதிய வாயில் திறந்துவிட்டவர்கள் ஆகமாட்டோமா? இப்பக்கம் போனாலும் இடர், அப்பக்கம் போனாலும் இடர். ஆகவே முழக்கத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, ஆராய்ச்சியைத் துணைக்கழைப்போம்.

பிறப்பைக் கேட்ட துப்பாக்கி

துப்பாக்கியின் வரலாறே பிறப்பைக் கேட்ட வரலாறுதான். 1671-ஆம் ஆண்டு இங்கிலாந்து இயற்றிய வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு நூறு பவுன் வருமானம் தரும் நிலம் சொந்தமாக இல்லாதவன் வேட்டைக்கான கருவிகளை வைத்திருக்கக் கூடாது என்றது. நிலமுடையோன் வீட்டிலே பிறந்தவனுக்குத் துப்பாக்கி. அவன் நிலத்திலே உழுதவனுக்குத் தடை! 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சாசனத்தை உலகமே புகழ்கிறது. அச்சாசனம் படைக்கலம் வைத்துக்கொள்ளும் உரிமையை யாருக்குத் தந்தது? குடிமக்கள் அனைவருக்குமா? இல்லை, புராட்டஸ்டண்டு மதத்தாருக்கு. அதுவும் அவரவர் நிலைக்கேற்ப! ஒரே வரியிலே மதமும் வந்துவிட்டது, மேல் கீழும் வந்துவிட்டது.

அந்த வெள்ளையர் இங்கே வந்து 1878-ஆம் ஆண்டு ஓர் ஆயுதச் சட்டம் செய்தனர். இந்நாட்டான் உரிமம் இன்றித் துப்பாக்கி ஏந்தலாகாது. ஐரோப்பியனுக்கு அந்தக் கட்டு இல்லை. தோலின் நிறமே உரிமச் சீட்டாக இருந்த காலம் அது. வெள்ளையன் போனபின் பிறப்புக் கணக்கு முற்றும் போயிற்றா? குடகு நாட்டிலே, குடகர் இனத்தில் பிறந்தவர்க்கும் ஜம்மா நில உரிமை கொண்டோர்க்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டு, இந்திய அரசு அதை 2029 வரை நீட்டியும் வைத்திருக்கிறது.

'நீ யார்?' என்று கேட்பதற்கு மாறாக, 'நீ யார் மகன்?' என்று கேட்பது ஆதிக்கத்தின் பழைய பழக்கம். 'உன் குடும்பத்தில் மனநோய் உண்டா?' என்ற கேள்வியும் அந்தப் பழக்கத்தின் மறுபதிப்புத்தானா? அல்லது வேறு பொருள் உடையதா? அதைத் தெளிய, இன்றைய சட்டம் கேட்பது என்ன என்று பார்ப்போம்.

சட்டம் கேட்பது என்ன?

ஒரு காலத்தில் அந்நாட்டிலே வேட்டைத் துப்பாக்கி வாங்குவது எளிது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் பத்து ஷில்லிங் கட்டணம் விதித்தது, அவ்வளவே. அது வரி வாங்கும் ஏற்பாடேயன்றி ஆளை ஆராயும் ஏற்பாடன்று. 1967-ஆம் ஆண்டிலேதான் வேட்டைத் துப்பாக்கிக்கும் காவல்துறையின் சான்று வேண்டுமென்ற விதி பிறந்தது. மறு ஆண்டு வந்த துப்பாக்கிச் சட்டத்திலே அது இடம்பெற்றது. பொதுமக்களின் பாதுகாப்புக்கோ அமைதிக்கோ ஊறு நேராமல் இவரிடம் துப்பாக்கி இருக்க முடியும் என்று காவல்துறைத் தலைவருக்கு மனநிறைவு ஏற்பட்டால் உரிமம் உண்டு, ஏற்படாவிட்டால் இல்லை. பெற்ற உரிமத்தின் வாழ்நாள் ஐந்தாண்டு. பிறகு மீண்டும் ஆராய்ச்சி.

2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசு நெறிமுறை, விண்ணப்பிப்பவரின் மருத்துவரிடமிருந்து தகவல் பெறாமல் உரிமம் வழங்கலாகாது என்றது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், இருமுனை மனநோய், மறதி நோய், வலிப்பு, குடிப்பழக்கம், போதைப் பழக்கம் என்று கவனிக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டது. இவற்றுள் ஒன்று இருந்தாலே கதவடைப்பு என்று அந்நெறிமுறை சொல்லவில்லை. நோயின் பெயரைப் பார்த்து முடிவு கட்டாமல், அதன் நிலையைப் பார்த்து எடைபோடச் சொல்கிறது.

நன்றாகக் கவனிக்க வேண்டும்: பட்டியல் விண்ணப்பிப்பவரைப் பற்றியது. அவருடைய மனம், அவருடைய உடல், அவருடைய நடத்தை. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் உரிமம் கேட்பவரின் மனநிலையைத்தான் தடைக்குரிய காரணமாகக் குறிக்கிறது. அவர் தமையனின் மனநிலையை அன்று.

அப்படியானால் உறவினரைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லையா? உண்டு, வேறொரு வாயில் வழியாக வருகிறது. உரிமம் இல்லாதவர் கைக்குத் துப்பாக்கி எட்டாதபடி, இயன்ற வரையில், பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது உரிமத்தோடு பிணைந்த நிபந்தனை. இரும்புப் பெட்டி வேண்டும், பூட்டு வேண்டும், திறவுகோல் உரிமம் பெற்றவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். ஆகவே அந்த வீட்டிலே யார் யார் வாழ்கிறார்கள், யார் கைக்கு அது எட்டக்கூடும் என்பதைக் காவல்துறை கருதிப் பார்க்கலாம்.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 'உன் குருதியிலே என்ன ஓடுகிறது?' என்பது ஒன்று. 'உன் கூரையின் கீழே யார் உறங்குகிறார்கள்?' என்பது மற்றொன்று. இரண்டும் தோற்றத்திலே ஒன்றுபோலிருக்கும், இயல்பிலே வெவ்வேறு. ஒன்று குலத்தைக் கேட்கிறது. மற்றொன்று திறவுகோலைக் கேட்கிறது. இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம்.

குருதிக் கணக்கு

'அண்ணன் பைத்தியம், தம்பிக்கும் ஒருநாள் வரும்' என்று தெருவிலே பேசுகிறார்கள். அறிவியல் என்ன சொல்கிறது? மனச்சிதைவு நோய் மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்தளவு. குருதிக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒன்று பத்தாகிறதே, பங்கு உண்டு. ஆனால் மீதித் தொண்ணூறு? தொண்ணூறு பேரை மறந்துவிட்டுப் பத்துப் பேரைக் கொண்டு முடிவு கட்டுவது கணக்காகுமா? மேலும், நோய் வந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர்கள். நாட்டிலே நடக்கும் வன்முறையில் மனநோயின் பங்கு மிகச் சிறியது. ஆக, தம்பியின் நோயைக் காட்டி அண்ணனை ஆபத்தானவன் என்பவர் தவறின்மேல் தவறை அடுக்குகிறார்.

இந்தத் தவறான கணக்கு, சட்டத்தின் கையிலே சிக்கியபோது என்ன செய்தது என்பதை உலகம் கண்டிருக்கிறது. 1883-ஆம் ஆண்டு பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர், நல்ல குருதியைப் பெருக்கிக் கெட்ட குருதியைக் குறைக்கும் கருத்துக்கு 'யூஜெனிக்ஸ்' என்று பெயர் சூட்டினார். அக்கருத்துக் கடல் கடந்தது. அமெரிக்காவிலே, வர்ஜீனியா மாநிலத்திலே, கேரி பக் என்ற ஏழைப் பெண்ணை அறிவு குன்றியவள் என்றனர். தாயும் அப்படியே என்றனர். அவள் பெற்ற ஏழு மாதக் குழந்தையைப் பார்த்து, இதுவும் இயல்பானதாகத் தெரியவில்லை என்றனர். பாட்டி, தாய், பேத்தி என்று மூன்று தலைமுறைக் குருதியைக் காட்டி வழக்காடினர். அந்நாட்டின் உச்சநீதிமன்றம் 1927-ஆம் ஆண்டு அப்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது.

இயல்பற்றது என்று சொல்லப்பட்ட அந்தக் குழந்தை பின்பு பள்ளிக்குச் சென்றது. நன்றாகப் படிப்போர் பட்டியலிலே இடம்பெற்றது. எட்டு வயதிலே நோயுற்று மாண்டது. குருதியைப் படித்தறிந்ததாகச் சொன்ன மேதைகளின் தீர்ப்பை அந்தச் சிறுமியின் பள்ளிக்கூட மதிப்பெண்ணே பொய்யாக்கிவிட்டது.

ஜெர்மனியின் கதையோ இன்னும் கொடியது. 1933-ஆம் ஆண்டு ஜூலையில் இட்லரின் அரசு, பரம்பரை நோய் கொண்டோர் பிள்ளை பெறாமல் தடுக்கச் சட்டம் இயற்றியது. ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் கருத்தடைக்கு ஆளாயினர். அடுத்த படி, மனநோயாளிகளைக் கொல்வது. அந்தப் படியிலும் ஏறினார்கள்.

'ஒரு துப்பாக்கி உரிமத்தை மறுப்பதற்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கலாம். அளவிலே தொடர்பில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வாதம் ஒன்றே. 'நீ செய்ததற்காக அன்று. நீ பிறந்ததற்காக' என்பதே அந்த வாதம். அது சிறிய அலுவலகத்திலே சிறிய அநீதியையும், பெரிய அரசிலே பெரிய அநீதியையும் செய்யும். வருணத்தை மறுக்கும் பகுத்தறிவாளன், அதே வருணம் வெள்ளை அங்கி அணிந்து மருத்துவமனை வாயிலிலே வந்து நின்றால் அடையாளம் காண வேண்டாமா?

ஆகவே, நம் உழவரின் தம்பி வேறோர் ஊரிலே, வேறோர் வீட்டிலே வாழ்கிறானெனில், அவன் நோய் உழவரின் உரிமத்துக்குக் குறுக்கே நிற்க நியாயமில்லை. அதைச் சொல்ல வேண்டிய கடமையும் அறத்தின்படி அவருக்கில்லை. ஏனெனில் அது அவருடைய இரகசியம் அன்று, தம்பியின் இரகசியம். தம்பியின் மருத்துவக் குறிப்பைத் தம் உரிமச் சீட்டுக்கு விலையாகக் கொடுக்க அண்ணனுக்கு உரிமை ஏது?

கூரைக் கணக்கு

ஆனால் தம்பி அதே கூரையின் கீழே உறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். சாவைப் பற்றிப் பேசியிருக்கிறான் என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது என்ன சொல்வோம்?

இப்போது கேள்வி மாறிவிடுகிறது. 'தம்பி பிறரைச் சுடுவானோ' என்பதைவிட, தம்பியின் உயிருக்கே தீங்கு வருமோ என்பது பெரிய கேள்வி. துப்பாக்கிகள் மலிந்த அமெரிக்காவிலே, துப்பாக்கியால் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டவர்கள். பிறர் கையால் மடிந்தவர்களைவிட அவர்கள் அதிகம்.

'சாக நினைப்பவன் எப்படியும் சாவான். பெட்டியைப் பூட்டி என்ன பயன்?' என்பார்கள். விதிப்படி நடக்கும் என்ற பழைய பாட்டின் புதிய மெட்டு இது! அனுபவம் இதனை மறுக்கிறது. பிரிட்டனிலே ஒரு காலத்தில் சமையலுக்கு நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு குழாய் வழியே வந்தது. அதிலே உயிர்கொல்லியான கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. வாழ்வை வெறுத்தோர் பலர் அந்த அடுப்படியிலேயே உயிரை விட்டனர். பிறகு நச்சற்ற இயற்கை வாயு வந்தது. தற்கொலையைத் தடுப்பதற்காக அன்று. செலவும் வசதியும் கருதித்தான். என்ன நேர்ந்தது? 1963-ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் தற்கொலை செய்துகொண்டோர் 5,714 பேர். 1975-ஆம் ஆண்டு 3,693 பேர். அடுப்படியிலிருந்து நஞ்சு போயிற்று; சாவிலே மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஒரு வழி அடைபட்டதும் எல்லோரும் மறுவழி தேடி ஓடவில்லை. பலர் வாழ்ந்தார்கள்.

நமக்கு அண்மையிலுள்ள இலங்கையிலும் இதே பாடம். அங்கே உயிர் குடித்தது பூச்சிக்கொல்லி. 1995-ஆம் ஆண்டிலும் 1998-ஆம் ஆண்டிலும் கொடிய பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை வந்தது. அடுத்த பத்தாண்டுக் காலத்திலே தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

காரணம் என்ன? சாக வேண்டுமென்ற வேகம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து அலைபோல் அடங்குவது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிலே பத்துக்கு ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அலை எழும் அந்த ஒரு நாழிகையிலே கைக்கெட்டும் தொலைவில் இருப்பது என்ன என்பதைப் பொறுத்தே, அந்த நாழிகை கடந்துபோவதும் கடைசி நாழிகையாவதும். துப்பாக்கி, மனம் மாற நேரம் தருவதில்லை.

எனவே, 'உன் கூரையின் கீழே துன்புறும் மனம் உண்டா? உண்டெனில் திறவுகோல் எங்கே?' என்று அரசு கேட்பது இழிவுபடுத்துவது ஆகாது. அது கிணற்றுக்குச் சுவர் கட்டச் சொல்வது போன்றது. வீட்டிலே குழந்தை இருக்கிறதா என்று கேட்டுக் கிணற்றுக்குச் சுவர் கட்டச் சொன்னால், குழந்தையை இகழ்ந்ததாகுமா? அந்தத் துன்பம் நீங்கினால் கேள்வியும் நீங்கும். குருதிக் கேள்வியோ என்றும் நீங்காது. பிணம் எரியும் வரை தொடரும். நீங்கக்கூடியதைக் கேட்பது முன்னெச்சரிக்கை. நீங்காததைக் கேட்பது சாதி.

கேள்வி மாறினால் விடையும் மாறலாம். துப்பாக்கியை வீட்டிலே வைக்காமல், உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் ஒப்படைத்து, தேவைப்படும்போது எடுத்துவர அந்நாட்டிலே வழியுண்டு. அதுவும் போதாது என்று தோன்றினால், தம்பி நலம் பெறும் வரை துப்பாக்கியே வேண்டாம் என்று அண்ணனே முடிவு செய்யலாம். புறா தின்ற பயிர் அடுத்த பருவத்திலே முளைக்கும்.

ஆராயப்பட வேண்டியவன் யார்?

'குடும்பத்திலே மனநோய் உண்டா' என்று உறவினரைச் சுட்டும் விரல், சில வேளைகளில் சுட்டப்பட வேண்டியவனை மறைத்துவிடுகிறது.

2012-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில், டர்ஹாம் வட்டாரத்தின் ஹோர்டன் ஊரிலே ஒருவன் தன் துணைவியையும், அவளுடைய சகோதரியையும், அச்சகோதரியின் மகளையும் சுட்டுக் கொன்றான். பின் தானும் மாண்டான். துப்பாக்கிகள் உரிமம் பெற்றவை. வீட்டு வன்முறைப் புகார்கள் முன்பே இருந்தன. தனக்குத்தானே தீங்கிழைத்துக்கொள்வேன் என்று அவன் மிரட்டியதால் 2008-ஆம் ஆண்டு துப்பாக்கிகளைப் பறித்தனர். பின்பு திருப்பிக் கொடுத்தனர்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், பிளிமத் நகரின் கீஹாம் பகுதியிலே இளைஞன் ஒருவன் முதலில் தன் தாயைச் சுட்டான். பிறகு தெருவிலே மூன்று வயதுச் சிறுமி உட்பட நால்வரைச் சுட்டான். முடிவிலே தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் ஏற்கெனவே இரு இளையோரைத் தாக்கியவன். அதற்காகப் பறிக்கப்பட்ட துப்பாக்கியும் உரிமமும் படுகொலைக்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலையில், திருப்பித் தரப்பட்டன. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் முடிந்த விசாரணையில், டெவன்-கார்ன்வால் காவல்துறையின் உரிமப் பிரிவிலே நேர்ந்த பெரும் தவறுகளை நடுவர் குழு சுட்டிக்காட்டியது.

இந்த இரு நிகழ்ச்சிகளிலும் உறவினர் யார்? ஆபத்தை விளைவித்தவர்களா? இல்லை, ஆபத்துக்கு இரையானவர்கள்! கையை ஓங்கியது உரிமம் பெற்றவனே. ஓங்கியது முன்பே தெரிந்திருந்தது. ஏட்டிலே எழுதப்பட்டும் இருந்தது. அங்கே தவறியது குருதி ஆராய்ச்சியா? நடத்தையைப் பற்றிய நேரான ஆராய்ச்சிதான் தவறியது. தம்பியின் நோய்க்குத் தரும் கவனத்தைத் தன் கோபத்துக்கும், தன் குடிக்கும், தன் துணைவியின் அச்சத்துக்கும் தருபவனே நேர்மையாக விண்ணப்பிக்கிறவன். உரிமம் கேட்கும் ஆடவன், 'என் வீட்டிலே யாருக்கு நோய்' என்று கேட்டுக்கொள்ளும் முன், 'என் வீட்டிலே யாருக்கு என்னிடம் அச்சம்' என்று கேட்டுக்கொள்ளட்டும்.

மறைப்பின் விலை

இன்னொன்றும் எண்ண வேண்டியிருக்கிறது. மருத்துவரிடமிருந்து தகவல் பெறும் ஏற்பாடு நல்லதே. ஆனால் அதற்கு ஒரு நிழலும் உண்டு. 'மனம் சோர்ந்திருக்கிறது என்று மருத்துவரிடம் சொன்னால் துப்பாக்கி போய்விடும்' என்று அஞ்சி, சொல்லாமலே வாடும் உழவன் இருப்பான். துப்பாக்கியைக் காப்பதற்காகத் தன்னைக் கைவிடுகிறான் அவன்! நோயைக் குற்றம்போல் நடத்தினால், நோயாளி குற்றவாளிபோல் ஒளிவான். ஆகவே, 'நலம் குன்றியபோது ஒப்படை. நலம் பெற்றபின் மீண்டும் கேள்' என்று கண்ணியத்தோடு சொல்லும் நடைமுறையே உயிர் காக்கும்.

ஒளிப்பதன் விலையை நாம் அறியோமா? நம் நாட்டிலே மணப்பேச்சு நடக்கும் கூடத்திலே, சாதகக் கட்டுக்குப் பக்கத்திலே, இதே கேள்வி குரல் தாழ்த்திக் கேட்கப்படுகிறது: 'அந்தக் குடும்பத்திலே பைத்தியம் உண்டாமே?' அந்த ஒரு கேள்விக்கு அஞ்சித்தானே அக்காளைப் பின்கட்டிலே அடைத்து வைக்கிறார்கள்! அந்த ஒரு கேள்விக்கு அஞ்சித்தானே மருத்துவமனைக்குப் பதில் மந்திரவாதியிடம் இழுத்துச் செல்கிறார்கள்! 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே, பேய் ஓட்டுவதாக நம்பிக் கொண்டுவிடப்பட்ட மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை பற்றி எரிந்தது. காலிலே சங்கிலி, ஓட முடியவில்லை. இருபத்தெட்டு உயிர்கள் கருகின. நெருப்பு ஒரு நாள் மூட்டியது; சங்கிலியோ பல தலைமுறையாக நாம் அடித்தது. குருதிக்கு அஞ்சிய மக்கள், கூரையின் கீழ் இருந்தவர்களைக் கைவிட்ட கதை அது.

முடிவு இது

ஆகவே நம் உழவருக்கு நாம் சொல்லும் விடை இது. உம் தம்பியின் நோய் உமக்கு இழுக்கன்று, அவனுக்கும் இழுக்கன்று. அதைக் காட்டி உம்மைத் தள்ள எவருக்கும் நியாயமில்லை. உம்மைப் பற்றிக் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லும். அவன் வேறு கூரையின் கீழ் வாழ்ந்தால், அவன் கதை அவனுடையது, காத்து நில்லும். உம் கூரையின் கீழ் வாழ்ந்தால், காவல் அதிகாரி கேட்கும் முன் நீரே கேட்டுக்கொள்ளும்: பெட்டி எங்கே, பூட்டு எப்படி, திறவுகோல் யாரிடம்? கேட்கப்பட்டால் மறைக்காதீர். அவனைக் காட்டிக் கொடுக்கும் குரலில் அன்று, அவனைக் காக்கும் குரலில் சொல்லும். முடிந்தால் முதலில் அவனிடமே பேசும். அவனும் அந்த வீட்டில் ஓர் ஆள், ஓர் ஆபத்து அன்று.

நம் தோழர்களுக்கு நாம் சொல்வதும் அதுவே. உங்கள் வீட்டிலே துப்பாக்கி இல்லாதிருக்கலாம். பரணிலே பூச்சிக்கொல்லிப் புட்டி இருக்கிறது. அதைப் பூட்டி வையுங்கள். துயருற்ற உறவினரைப் பூட்டி வைக்காதீர்கள்! மணப்பேச்சிலே எவரேனும் குருதியைக் கேட்டால், 'எங்கள் வீட்டில் நோயுற்றவர் உண்டு, மருத்துவம் பார்க்கிறோம், மதிப்போடு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் எப்படி?' என்று தலைநிமிர்ந்து திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நாணுகிற வீட்டிலே பெண் எடுக்காமலும் கொடுக்காமலும் இருப்பதால் நட்டம் உங்களுக்கில்லை.

பிறப்பைக் கேட்காதே, பொறுப்பைக் கேள். சாதிக்குச் சொன்னதும் அதுதான். நோய்க்குச் சொல்வதும் அதுதான்.